கை வைத்திருக்கும் நேரம்

குழாயை உருவியதும் மூன்று விரல்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்து அழுத்திக்கொண்டாள் கோகிலவாணி. அழுத்திய அதே நொடியில் கோட்டுப் பைக்குள் போன் அதிர ஆரம்பித்தது, இதற்கென்றே காத்துக் கிடந்த மாதிரி. இனி இருபது நிமிடம் இந்தக் கை அவளுடையது இல்லை. தொடையும் வயிறும் சேருகிற மடிப்பில், விரல்களுக்கு அடியில், நாச்சிமுத்து என்கிற பல்லடத்துக் கோழிப் பண்ணைக்காரரின் ரத்தம் துள்ளித் துள்ளிப் போய்க்கொண்டிருந்தது. கையில் ரத்தக்குழாய் சுருங்கிக்கொண்டதால் தொடை வழியாகக் குழாய் விட்டு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். வைத்தது டாக்டர். குழாயை எடுப்பதும், எடுத்த ஓட்டை அடைகிற வரைக்கும் கை வைப்பதும் அவள் வேலை. நடுவில் எட்டிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்த புதிதில் அவளுக்குச் சொன்னது அது, பிறகு அவள் எத்தனையோ பேருக்குச் சொன்னது. போன் அதிர்ந்து அதிர்ந்து நின்றது. பார்க்காமலே யாரென்று தெரியும். கல்லூரி வராந்தாவில் நின்றுகொண்டு கணவன் சிவராஜ் கூப்பிடுகிறான், இல்லையென்றால் அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கி மகள் சம்யுக்தா கூப்பிடுகிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மணியடிப்பதற்குள் பெயர் கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் சீட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பு. அம்மா படித்த அதே படிப்பு. ஊரில் வேறு படிப்பா இல்லை என்று அவள் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. காலையில் மூன்று டப்பாக்களில் புளிசாதம் அடைத்துக்கொண்டிருந்தபோது சம்யு சமையலறை நிலையில் சாய்ந்து நின்று, "நீ மறுக்காப் படிச்சா இதையே படிப்பியாம்மா?" என்று கேட்டாள். "சாயங்காலம் பேசலாம் சாமி, பஸ் போயிரும்" என்று சொல்லிவிட்டு இவள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சாயங்காலம் பேச என்ன இருக்கிறது, மத்தியானத்தோடு முடிகிற காரியத்துக்கு. அது அவளுக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும்.

தோள் இப்போதே இறுக ஆரம்பித்துவிட்டது. கட்டில் உயரத்தை இன்னும் கொஞ்சம் இறக்கியிருக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் கை வைத்த பிறகுதான் அது ஞாபகம் வருகிறது. மறுபடி படித்தால் இதையே படிப்பாயா. ஆமாம் என்று சொன்னால் சம்யு போய்ப் பெயர் கொடுத்துவிடுவாள். இல்லை என்று சொன்னால் நாமக்கல்லுக்குப் போவாள், விடுதியோடு இருக்கிற கோச்சிங், மூன்றாவது தடவையாக நீட். போன தடவை ரிசல்ட் வந்த அன்று அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். பக்கெட் நிரம்பி வழிகிற சத்தம் வெளியே கேட்டது. வழிந்துகொண்டே இருந்தது. கதவைத் தட்டவும் பயம், தட்டாமல் இருக்கவும் பயம். "சாமி, தண்ணி போகுதும்மா" என்றுதான் அவளால் சொல்ல முடிந்தது, தண்ணீருக்காகக் கவலைப்படுகிறவள் மாதிரி. சிவராஜ் சட்டையில் பவுண்டரி வேலைக் கரியோடு வந்து நின்று, என்ன என்று கண்ணாலேயே கேட்டான். கதவு திறந்து முகம் கழுவின பிள்ளை வெளியே வந்தபோது கோகிலவாணி உள்ளே போய்க் குழாயை மூடினாள். அந்தத் தண்ணீர்ச் சத்தம் அதற்குப் பிறகு போகவேயில்லை. வார்டில் யாராவது குழாயைத் திறந்தால்கூட ஒரு கணம் மனசு நின்றுவிடுகிறது. மூன்றாவது தடவை என்றால் மூன்றாவது ரிசல்ட். நாமக்கல்லில் எந்தக் குளியலறை, எந்தக் கதவு, வெளியே யார் நிற்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட வேண்டியதுதான். ஆமாம் சாமி, இதையேதான் படிப்பேன் என்று ஒரு பொய். பிள்ளைக்காகச் சொல்கிற பொய்யில் என்ன வந்துவிடப் போகிறது. ஆனால் சம்யு கண்டுபிடித்துவிடுவாள், சின்ன வயதிலிருந்தே அம்மா குரலை வைத்தே மிச்சத்தைத் தெரிந்துகொள்கிறவள்.

"ஏனுங் டாக்டரம்மா, இன்னும் ரொம்ப நேரமாகுங்களா?" என்றார் நாச்சிமுத்து. அவர் கண் விட்டத்தில் இருந்தது. குழாய் எடுப்பதற்கு முன்னாலிருந்தே விட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "கொஞ்ச நேரமாகுங்க. காலை மடக்கிராதீங்க. இருமல் வந்தா முன்னாலயே சொல்லுங்க" என்றாள். "செரீங்" என்றார். திரைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் அவர் சம்சாரம் உட்கார்ந்திருந்தார், மடியில் அவருடைய வேட்டியை நாலாக மடித்து வைத்துக்கொண்டு. "இதுக்கு ஒரு மிசினு கண்டுபுடிக்கலீங்களா அம்மிணி? நீங்களே நிக்கோணுங்களா?" என்று கேட்டார் அந்த அம்மாள். "இருக்குதுங்க, நம்ம கை மாதிரி வராதுங்க." கை மாதிரி. மாதிரி என்கிற சொல்லில் கோகிலவாணியின் நினைப்பு முள்ளில் பட்ட முந்தானையாகச் சிக்கிக்கொண்டது. அவள் பிளஸ் டூ முடித்த வருடம் டாக்டர் சீட்டு கைக்கு எட்டாமல் போனபோது, மருந்துக்கடைக்காரர் ஒருவர்தான் அப்பாவிடம் சொன்னார், புதுசா ஒரு படிப்பு வந்திருக்குதுங்க, டாக்டர் மாதிரியேதானுங்க, கோட்டெல்லாம் உண்டு. அப்பா அதை வீட்டில் வந்து சொல்லும்போதே ஏகார அழுத்தம் கூடிவிட்டது. டாக்டர் மாதிரியே. சித்தப்பா, பெரியம்மா, கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள், எல்லோரிடமும் அதே. பி.ஏ. என்று சுருக்கிச் சொன்னால் மந்திரி பின்னால் போன் வைத்துக்கொண்டு போவாரே அவரா என்று கேட்டவர்களும் உண்டு. டாக்டர் மாதிரி, நர்ஸ் மாதிரியும் இல்லை, டெக்னீசியனும் இல்லை. இத்தனை வருடமாக ஒரு மாதிரியாகவே வாழ்ந்தாகிவிட்டது. இப்போது சம்யுவிடம் சிவராஜ் அதையே சொல்லிக்கொண்டிருப்பான் வராந்தாவில் நின்று. அம்மா மாதிரியே நீயும் கண்ணு.

போன் மறுபடி அதிர்ந்தது. இடது பக்கம், இடுப்பு எலும்பில் மோதி மோதி. நர்ஸ் ஷெர்லின் பக்கத்துக் கட்டிலில் டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்து, "அக்கா, எடுத்துக் காதுல வெக்கட்டுமா?" என்றாள். வேண்டாம் என்று தலையாட்டினாள் கோகிலவாணி. "வீட்டுலருந்தாக்கா? அவசரமா இருக்கப் போகுது." "வேண்டாம் ஷெர்லின், அப்பறம் பேசிக்கறேன்." சொன்ன பிறகுதான் உறைத்தது, எடுத்துப் பேசியிருக்கலாம். ஷெர்லின் காதில் வைத்துப் பிடித்திருப்பாள், எத்தனையோ தடவை பிடித்திருக்கிறாள், காய் என்ன வாங்குவது, கேஸ் சிலிண்டர் எப்போது வரும் எல்லாம் அப்படிப் பேசியதுதான். கை வைத்திருப்பதால் பேச முடியவில்லை என்பது அவள் தனக்கே சொல்லிக்கொள்கிற சாக்கு. நல்ல சாக்கு. யாரும் குறை சொல்ல முடியாத சாக்கு. சம்யு ஒன்றாம் வகுப்பில் காய்ச்சலோடு படுத்திருந்த காலத்திலிருந்து வருகிற சாக்கு. அப்போது பக்கத்து வீட்டு லேண்ட்லைனிலிருந்து பிள்ளை கூப்பிடும், இங்கே ரிசப்ஷனில் எடுத்து அம்மா கை வெச்சிருக்காங்க கண்ணு என்று சொல்வார்கள். அதையே பிள்ளை பிடித்துக்கொண்டது. அம்மா வர லேட்டானால், அம்மா கை வெச்சிருக்கா. ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு அம்மா வரவில்லை, கை வெச்சிருக்கா. பொம்மைக்குக்கூடத் தொடையில் மூன்று விரலை வைத்து அழுத்திக்கொண்டு, அசையாதீங்க என்று சொல்லிக்கொண்டிருந்தது ஒரு காலம். அப்போது எல்லோரும் சிரித்தார்கள். அப்போதே பயந்திருக்க வேண்டும்.

"என்ற பேத்தியும் டாக்டருக்குத்தானுங் படிக்கோணும்னு நிக்கறா" என்றார் நாச்சிமுத்து விட்டத்தைப் பார்த்தபடி. பேசினால் அவருக்குக் கூச்சம் குறைகிறது என்று அவளுக்குத் தெரியும். ஆண்கள் எல்லோரும் இப்போது பேசுவார்கள், மழையைப் பற்றி, பேரன் பேத்தியைப் பற்றி. இவர் கோழியைப் பற்றி ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார், குஞ்சு வருவது, தீவனம், வெயிலில் கோழி சுருண்டு விழுவது. "நீங்க எந்தக் காலேஜுலீங் டாக்டருக்குப் படிச்சீங்க?" என்றார். இது வரும். எப்போதும் வரும். "நான் டாக்டர் இல்லீங்க" என்றாள் அவள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியாது, குட் மார்னிங் சொல்வதைப் போல வாய் தானாகச் சொல்லிவிடும். வழக்கமாகக் கை வைப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவாள், இன்று காலையிலிருந்தே மனசு ஒரு இடத்தில் இல்லை, விட்டுப்போயிற்று. நாச்சிமுத்து முதல் தடவையாக விட்டத்திலிருந்து கண்ணை இறக்கினார். அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு அவள் கை இருக்கிற இடத்தைப் பார்த்தார். முகம் கருத்துப் போனது. "அப்ப நீங்க யாருங்க?" என்றார்.

அவர் கோபத்தில் கேட்கவில்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. டாக்டர் என்றால் பெண்ணில்லை, ஆணில்லை, வெட்கப்பட வேண்டியதில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மனுஷர் இத்தனை நேரம் படுத்திருந்தார். அதை அவள் உருவிக்கொண்டால், சம்சாரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்க யாரோ ஒரு பொம்பளை தொடையிடுக்கில் கை வைத்து நிற்கிறாள். "டாக்டருக்கு உதவியா இருக்கறவங்க" என்று அவள் சொன்னாள். அது அவருக்குப் போதவில்லை. "நர்சுங்களா?" "இல்லீங்க." "ஓ" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சம்சாரம் எழுந்து வந்து மடியிலிருந்த வேட்டியை விரித்து, அவள் கை இருக்கிற இடத்தை விட்டுவிட்டு மிச்சத்தையெல்லாம் மூடினார். யாருங்க. அவள் யார். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து ஒவ்வொரு கட்டிலாக எப்படித் தூங்குனீங்க என்று கேட்கிறவள், ராத்திரி நடந்ததை டாக்டர் வந்ததும் ஒப்பிக்கிறவள், ஆபரேஷன் என்றால் எதிர்ப்பக்கம் நிற்கிறவள், தைக்கிறவள், வீட்டுக்கு அனுப்பும்போது என்ன சாப்பிட வேண்டும் எப்போது வர வேண்டும் என்று மூன்று தடவை சொல்கிறவள். டாக்டர் நல்ல மனிதர், அவள் சொன்னால் மறுபேச்சில்லை, கோகிலா பார்த்தாச்சா என்றுதான் கேட்பார். அவரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். யாரும் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. களைப்பு அதில் இல்லை. களைப்பு இந்த யாருங்க என்கிற கேள்வியில் இருக்கிறது. தினமும் இல்லை என்று ஆரம்பிக்கிற ஒரு வாழ்க்கை. பிள்ளைக்கு அதையா கொடுப்பது. சம்யுவும் ஒரு நாள் ஏதோ ஒரு நாச்சிமுத்துவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, இருபது வயதில், அந்தச் சின்ன விரல்களை வைத்துக்கொண்டு, நான் டாக்டர் இல்லீங்க என்று சொல்ல, அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள. வேண்டாம். நாமக்கல்லுக்கே போகட்டும். குளியலறைக் குழாய். வேண்டாம், இங்கேயே சேரட்டும். இப்படிப் போனால் அந்தக் கதவு, அப்படிப் போனால் இந்தக் கட்டில். சுற்றிச் சுற்றி அதே இரண்டு இடம்தான்.

கடிகாரத்தின் பெரிய முள் அந்த இருபது நிமிடத்தில் பாதி தூரம் போயிருந்தது. போன் மூன்றாவது தடவை அதிர ஆரம்பித்து, முழுதாக அதிராமல் பாதியில் சட்டென்று நின்றது. முதல் இரண்டு தடவையும் கடைசி வரை அதிர்ந்தது. பாதியில் யார் நிறுத்துவார்கள், ஏன் நிறுத்துவார்கள். சிவராஜ் என்றால் விடமாட்டான். அப்படியென்றால் சம்யு. வெட்டிவிட்டாள். போதும் என்று வெட்டிவிட்டாள், அம்மா பேசமாட்டாள் என்று. போனைப் பையில் போட்டுக்கொண்டு எங்கே போகிறாள். வார்டில் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தது, அந்த அமைதிக்குள் கோகிலவாணிக்குத் தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டது. எங்கேயோ நிஜமாகவே யாரோ குழாயைத் திறந்திருப்பார்கள். அடைந்திருக்கும், இவருக்கு ரத்தம் நல்ல கெட்டி, நேற்றுப் பார்த்தோமே, அடைந்திருக்கும், ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, அடைந்திருந்தால் கையை எடுத்துவிட்டு ஒரு போன், ஒரே ஒரு போன் என்று யார் சொன்னது, அவள்தான் தனக்குள் சொல்லிக்கொண்டாள், சொல்லும்போதே விரல்கள் தூக்கிவிட்டன.

ரத்தம் சூடாக உள்ளங்கைக்கு வந்தது. பழையபடி அழுத்தினாள், இரண்டு கையாலும், உடம்பின் பாரம் முழுவதையும் சேர்த்து. "அம்மா" என்று முனகினார் நாச்சிமுத்து. பஞ்சை எடுக்கச் சொல்வதற்குள் ஷெர்லின் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள், துடைத்தாள், பிரஷர் பார்த்தாள். அவர் கொட்டாவி விட்டார். கொட்டாவி என்றால் அவளுக்குப் பயம், பிரஷர் இறங்கப் போகிறவர்கள்தான் இப்படி விடுவார்கள், நெற்றியில் வியர்க்கிறதா, வியர்க்கவில்லை, "ஐயா, இங்க பாருங்க, தலை சுத்துதுங்களா?" என்றாள். "இல்லீங், தூக்கந்தான் வருது, ராத்திரி எங்கீங் தூங்குனேன்." ஷெர்லின் பிரஷரைச் சொன்னாள், நன்றாகவே இருந்தது. இவள் மறுபடி பார்க்கச் சொன்னாள், அப்போதும் நன்றாகவே இருந்தது. விரல்களுக்குக் கீழே வீங்கவில்லை. கோகிலவாணி சுவரைப் பார்த்தாள், பெரிய முள் எங்கே இருக்கிறதோ அங்கேயிருந்து மறுபடி ஒரு இருபது நிமிடம். மணியடிக்கிற நேரம் அதற்குள் வந்துவிடும். வந்துவிட்டுப் போகட்டும். இத்தனை வருடத்தில் ஒரு தடவையும் கையெடுத்ததில்லை, மாமியார் செத்த செய்தி வந்தபோதுகூட எடுத்ததில்லை. இன்றைக்கு எடுத்துவிட்டாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிற இந்த மனுஷரிடமிருந்து. வெட்கமாக இருந்தது. அவர் கேட்டது சரிதான், நீங்க யாருங்க.

இரண்டாவது சுற்றில் நினைப்பு ஓடவில்லை. தோளிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு, வலி மட்டும் மேலே போய்க் கீழே வந்தது. கட்டை விரல் மரத்துவிட்டது. விரல் நுனிகளில் அவருடைய துடிப்பும் காதுக்குள் தன்னுடைய துடிப்பும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் அடித்தன. சம்சாரம் யாரிடமோ போனில் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார், "நல்லா இருக்காருங், ஒரு அம்மிணி கையை வெச்சுட்டு நிக்கறாங்க, பாவம், எடுக்கவே இல்லீங்." கோகிலவாணி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். எடுத்தேனுங்க என்று சொல்ல வாய் வரவில்லை. டாக்டர் திரையை விலக்கி, "ஆச்சா கோகிலா?" என்றார். "நடுவுல கசிஞ்சுருச்சு சார், மறுபடி வெச்சிருக்கேன். நான் சீக்கிரமாக் கையெடுத்துட்டேன்." அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார், "பரவால்ல, பார்த்துக்குங்க" என்று போய்விட்டார். அதைவிட இரண்டு திட்டுத் திட்டியிருக்கலாம்.

நேரம் முடிந்தபோது மெல்ல, ஒவ்வொரு விரலாகத் தளர்த்தினாள். கசியவில்லை. சுற்றிலும் தொட்டுப் பார்த்தாள், கெட்டியாக இல்லை. பாதத்தில் துடிப்பு இருந்தது. பஞ்சு வைத்துக் கட்டுப் போட்டு, "சாயங்காலம் வரைக்கும் காலை மடக்கக் கூடாதுங்க, தலையைத் தூக்கக் கூடாதுங்க" என்று அவரிடம் ஒரு தடவையும் சம்சாரத்திடம் ஒரு தடவையும் சொல்லிவிட்டு, கை கழுவிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். விரல்கள் நிமிரவில்லை. போனை இடது கையால் எடுத்து அழுத்தினாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"அம்மா, கை வெச்சிருந்தியா?" சம்யுதான்.

"ஆமா சாமி."

"அப்பா கத்தீட்டே இருந்தாரு, விடாமக் கூப்புட்டுட்டே இருந்தாரு. நாந்தான் புடுங்கி வெட்டுனேன். கை வெச்சிருப்பா, எடுத்ததும் அவளே கூப்புடுவான்னு சொன்னேன். பின்னால நின்னவிங்களையெல்லாம் முன்னால போகச் சொல்லீட்டு நிக்கறேன். மணியடிச்சும் வரிசைல நிக்கறவிங்களை எடுத்துக்கறாங்க, இன்னும் ரெண்டே பேருதான் இருக்காங்க. காலைல கேட்டதுக்குச் சொல்லு."

பொய் தயாராகத்தான் இருந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது களைப்புதான் பேசியது. "மாட்டேன்" என்றாள். "மறுக்காப் படிச்சா இதைப் படிக்க மாட்டேன் சாமி. டாக்டருக்குத்தான் படிப்பேன்." அந்தப் பக்கம் வராந்தாச் சத்தம் மட்டும் கேட்டது, யாரோ பெயரைக் கூப்பிட்டார்கள், நாற்காலி இழுபட்டது. அவள் நிறுத்த முடியாமல் சொல்லிக்கொண்டே போனாள், "இன்னைக்கு இவ்வளவு லேட்டே ஆயிருக்காது. நாந்தான் நடுவுல கையை எடுத்துட்டேன். போன் பாதில நின்னுச்சா, உனக்கு என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். எடுத்ததும் ரத்தம் வந்துருச்சு. மறுக்கா முதல்லருந்து வெச்சேன்." சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அழுவாள். இல்லை, அப்ப நான் நாமக்கல் போறேன் என்பாள். எதுவானாலும் இனிமேல் தாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

"ஐயோ" என்றாள் சம்யு. "அவருக்கு ஒண்ணும் ஆகலயேம்மா?"

கோகிலவாணி சுவரில் சாய்ந்துகொண்டாள். கண் நிறைந்துவிட்டது. சந்தோஷம் என்று சொல்லிவிட முடியாது, அதில் பாதி பயம், பாதி எதுவென்று அவளுக்கே தெரியவில்லை. முகம் தெரியாத ஒரு ஆளைப் பற்றித்தான் பிள்ளை முதலில் கேட்கிறது. "ஆகல சாமி. நல்லா இருக்காரு."

"பிரஷர் இறங்கலயே?"

"இறங்கல."

"காலை மடக்கப் போறாரு, போயிச் சொல்லு."

"சொல்லீட்டேன்."

"செரி, எம் முறை வந்துருச்சு" என்றாள் சம்யு. கொஞ்சம் நிறுத்தி, "நான் சேர்ந்துக்கறேம்மா. நீ மாட்டேன்னு சொன்னதுக்காகவெல்லாம் நாமக்கல் போகல. நான் சேர்ந்துக்கறேன்."

இனி வேண்டாம் என்று கோகிலவாணியால் சொல்ல முடியாது. "பேரு குடுத்துட்டுப் புளிசாதத்தைச் சாப்புடு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்ப உள்ளே போனாள், போட்ட கட்டை ஒரு தடவை பார்க்க வேண்டும். நாச்சிமுத்து இப்போது சுவரைப் பார்க்கவில்லை, அவள் வருவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டி ஒழுங்காக மூடியிருந்தது. "எல்லாஞ் செரியாப் போச்சுங்களா டாக்டரம்மா?" என்றார். மறந்துவிட்டாரோ, மறக்க வேண்டும் என்று மறந்தாரோ. "செரியாப் போச்சுங்க" என்று குனிந்து அவர் பாதத்தில் விரலை வைத்தாள் கோகிலவாணி. பிறகு நிமிர்ந்து, "நான் டாக்டர் இல்லீங்க" என்றாள், வழக்கம்போல அவசரமாக இல்லாமல், புதிதாகச் சேர்ந்து பக்கத்தில் நிற்கிற யாருக்கோ சொல்லிக்கொடுப்பதைப் போல நிறுத்தி, நிதானமாக.